சூளையில் நாலாவது ஆள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

பட்டறையில் நசுங்கிய கை ஆறிவிட்டதா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை, எனக்கு மட்டும் நாலு பக்கம். ஊருக்குத்தான் உபதேசமோ?

ஆனாலும் பலிக்கிறது, போ. பைபிளில் ராஜா மூட்டிய நெருப்புச் சூளை என் வீடுதான், உள்ளே போடப்பட்ட மூன்று பேர் நானும் இரண்டு பெண்களும், கூடவே நடக்கும் நாலாவது ஆள் எனக்குள் இருக்கும் தைரியம் என்று எழுதியிருந்தாயே. உன் அத்தான் பெல்ட்டைக் கழற்றினால் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அதையே நினைக்கிறேன். இப்போதெல்லாம் கால் நடுங்குவதில்லை.

சின்னவளுக்கு முதல் பல் விழுந்தது.

உன் அக்கா

ஜூன் 20

தம்பி,

சிரிக்காமல் படி. நேற்று சமையலறையில் உன் அத்தான் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"யாருடி அது?"

"நானும் பிள்ளைங்களும்தான்."

"பொய் சொல்லாத. மூணு பேரத்தானே உள்ள தள்ளிக் கதவச் சாத்தினேன்? நாலாவதா நிக்கிறது யாரு?"

சூளையை மூட்டிய ராஜாவும் இதையேதான் கேட்டான். இந்த மனிதரோ அந்தப் புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. திரும்பிப் பார்த்தேன், பாத்திர அலமாரிதான் இருந்தது. ஆனால் சின்னவள் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்து நின்றிருந்தாள்.

அக்கா

ஜூன் 23

அக்கா,

தைரியம் வரட்டும் என்றுதான் எழுதினேன், அடியைத் தாங்கிக்கொண்டு அங்கேயே கிட என்று எழுதவில்லை. அந்த மூன்று பேரும் வெளியே வந்தார்கள், மறந்துவிட்டாயா? இதோடு மூன்று பஸ் டிக்கெட் வைத்து அனுப்பியிருக்கிறேன். அத்தான் வேலைக்குப் போனதும் கிளம்பு. துணிமணி ஒன்றும் வேண்டாம்.

தம்பி

ஜூன் 28

தம்பி,

பிள்ளைகளை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன், இதைப் பெரியவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் டிக்கெட்டும் உள்ளே இருக்கிறது. கோபப்படாதே.

கதையைத் திரும்பப் படித்தேன். மூன்று பேர் வெளியே வந்தார்கள். நாலாவது ஆள் வந்ததாகச் சொல்லவே இல்லை. அது நெருப்புக்குள்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் நின்றது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வந்து மறுபடி நடுங்குகிறவளாக என்னால் இருக்க முடியாது. உன் அத்தான் இப்போது என் கிட்டேயே வருவதில்லை, தட்டை வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எனக்கு ஒன்றும் ஆகாது.

சின்னவளுக்கு ஜன்னல் ஓரம் ஆகாது, வாந்தி எடுப்பாள்.

அக்கா

ஜூன் 29

அக்கா,

பிள்ளைகள் பத்திரமாக வந்துவிட்டார்கள். ஆனால் இறக்கிவிடும்போது கண்டக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு டிக்கெட்தான் இருந்துச்சு, மூணு பேரு வந்தாங்க. நடுவுல இருந்தவங்ககிட்டக் கேக்கப் போனேன், என்னமோ வாய் வரல. எங்க அவங்க?"

சின்னவளைக் கேட்டேன். "சமையக்கட்டுல அம்மா பக்கத்துல நிப்பாங்கள்ல மாமா, அவங்கதான்" என்று சொல்லிவிட்டு, பாயில் இடம் விட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள்.

நீ தப்பாகப் படித்துவிட்டாய், அக்கா. அந்த ஆள் வெளியே வந்துவிட்டது. இப்போது அங்கே உன் பக்கத்தில் யாரும் இல்லை.

இந்தக் கடிதத்தை அதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். வாசலிலேயே அவரோடு கிளம்பிவிடு. உன் பக்கத்தில் ஆள் இல்லாததை அத்தான் கவனிப்பதற்குள் வந்துவிடு.

தம்பி