கெரெஸ் அக்கா வாசலில் கைதட்டியவர்

ரஷ்யாவில், ஓம்ஸ்கில் மகன் வீட்டில் இருக்கும் என் அசிபாவுக்கு, மலைக்கு இந்தப் பக்கமிருந்து சைராகுல் தன் கைப்பட எழுதும் சலாம். நீயும் மகனும் மருமகளும் குழந்தைகளும் சுகமாக இருக்க அல்லாவை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மாடுகளும் சுகம்.

முதலில் நல்ல செய்திகள். உனக்கு எரிச்சல் வந்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன். மூத்த பேரன் அக்ஜோல் இந்த வருஷம் ஆட்டுடல் பறிக்கும் குதிரைப் போட்டியில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுடைய குதிரை நம் குதிரையைவிட நாலு வயது இளையது, அதையும் நீ யோசிக்க வேண்டும். மாஸ்கோவில் இருக்கும் சிங்கிஸை, எந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவினானோ அதே சமையலறையில் சூப்புக்குப் பொறுப்பாக ஆக்கிவிட்டார்கள். கொள்ளுப்பேத்தி சய்கால் நூறிலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ணுகிறாள். எழுபதுக்குக் கீழே கொஞ்சம் தடுமாறுவாள். அங்கே நானும் தடுமாறுவேன், அதனால் திருத்துவதில்லை. டீச்சர் வேலை பார்க்கும் பேத்தி பெகாயிமைப் பற்றிக் கடைசியில்தான் எழுதுவேன். நடந்தது முழுவதையும் படித்தால்தான் அவள் செய்தியின் ருசி உனக்குத் தெரியும்.

அன்று தொலைபேசியில் கேட்டாயே, "சைரா, எங்கக்கா உசுரோடதான் இருக்காளா? அந்தக் கூடாரத்துல யாருமே சாவலன்னு டிவியில சொல்றாங்களே" என்று. நான் "இல்லடி, போயிட்டா" என்றேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கார்டு தீர்ந்து அதுவும் நின்றது. அதற்கு நாலு நாள் முன்னால் உனக்குச் சாவுச் செய்தி சொன்னவளும் நான்தான். ஒரு தடவை அழுது முடித்தவளை இன்னொரு தடவை ஆசைப்பட வைத்துவிட்டார்களே என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்துதான், பொறுத்துக்கொள்.

உன் அக்கா கெரெஸ் காலையில் பால் கறந்து, வாளியைத் துணியால் மூடி வைத்துவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்" என்று மருமகளிடம் சொல்லிப் படுத்தாள். தேநீர் ஆறுவதற்குள் போய்விட்டாள். வலியில்லை. குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. முடியை மூன்று பின்னலாகப் பின்னினோம். ஒன்றை மருமகள் பின்னினாள், ஒன்றை நான் பின்னினேன். மூன்றாவதையும் நானே பின்னினேன். "இது அசிபா பங்கு" என்று அவள் காதில் சொல்லிவிட்டுத்தான் பின்னினேன்.

வழக்கப்படி முற்றத்தில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் போட்டு அவளை உள்ளே திரைக்குப் பின்னால் கிடத்தினோம். உங்கள் முற்றம் பெரிய சாலையைப் பார்த்து இருக்கிறது அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வாரம் ஜனாதிபதித் தேர்தல் பிரச்சாரம். அல்டெமிரொவ் என்று ஒருவர் நின்றார். பாதி ஜனம் அவரைத் தலையில் வைத்து ஆடியது, பாதி ஜனம் பேர் கேட்டாலே துப்பியது. நம் அக்ஜோலே அவர் படத்தைத் தன் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தான். தைரியமாகப் பேசுவாராம். என்ன தைரியமோ, நரின் ஊர் மேடையில் ஏறி, நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஊர்ப் பேரைச் சொல்லி "தலாஸ் மக்களே!" என்று கூப்பிட்டவர் அவர். எங்கள் பக்கத்து வீட்டு ஓட்டுநர், "பாவம், பஸ் மாறி ஏறிட்டாருபோல" என்றான். ஆதரவாளர்கள் அதற்கும் காரணம் சொன்னார்கள்: அவருக்கு நாடு முழுவதும் ஒன்றுதானாம்.

நம் ஊருக்கும் வருகிறார் என்றதும் ஊர்த் தலைவன் நசிப் பள்ளிக்கூட மைதானத்தில் இன்னொரு வெள்ளைக் கூடாரம் போட்டான். ஊஞ்சல், ரொட்டி ஏந்திய பெண்கள், குதிரைப்பால், எல்லாம் அங்கே. இந்த நசிப் யார் என்று உனக்குத் தெரியும். தாய்க்குப் பால் வற்றியபோது கெரெஸ் தன் பால் கொடுத்து வளர்த்தவன். பால்மகன் என்றால் மகன்தான். அன்றைக்கு அவன் நிற்க வேண்டிய இடம் கெரெஸ் வாசல். முறைப்படி கைத்தடியில் சாய்ந்து, அவள் மகன் ஓமோருக்குப் பக்கத்தில் நின்று அழுதிருக்க வேண்டும். அவன் மைதானத்தில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "பெரியவர் வந்துட்டுப் போனதும் ஓடியாந்துடுறேன்" என்று ஆள் விட்டுச் சொன்னான்.

வேட்பாளரிடம், சாலையோரம் வெள்ளைக் கூடாரம் தெரிந்தால் இறங்குங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் தெரிந்தது நம்முடையது. துக்கக் கூடாரம் எது, விருந்துக் கூடாரம் எது என்று இந்த ஊர்க் கழுதைக்குக் கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. ஆறு கார், கொடி, பாட்டு. பாட்டை நிறுத்தவும் இல்லை.

வாசலில் நின்ற ஆண்கள் என்ன நினைத்தார்கள்? பெரிய மனிதர் துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். வருகிறவரைப் பார்த்ததும் முறைப்படி குரலை உயர்த்தி, "ஐயோ, எங்கம்மா!" என்று இன்னும் சத்தமாக அழுதார்கள். அவரோ தன்னைப் பார்த்த சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்! மல்யுத்தத்தில் ஜெயித்தவர்போல இரண்டு கையையும் தூக்கினார். ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். ஓமோர் கன்னத்தைத் தட்டி, "அழாதீங்க தம்பி, நான் வந்துட்டேன்ல! இன்னும் அஞ்சு வருஷத்துல இந்த நாட்டுல யார் கண்ணுலயும் தண்ணி இருக்காது" என்றார். 

அதோடு போயிருக்கலாம். உள்ளே வந்தார். நாங்கள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தோம். பின்னால் சத்தம் கேட்டது. அசிபா, எனக்கு எழுபத்திரண்டு வயது, எத்தனையோ சாவு பார்த்தவள், அந்தச் சத்தத்தைச் சாவு வீட்டில் கேட்டதில்லை. அவர் கைதட்டினார். "அடடா, என்னா குரல்! இவங்கள தலைநகருக்குக் கூட்டிட்டுப் போயி மேடை ஏத்தணும்" என்று கேமராவிடம் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவளுக்கு அழுகை நின்றுபோனது. ஒப்பாரி நடுவில் நிற்கக் கூடாது. வந்தவர் யார் என்று இறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதும் ஒப்பாரி பாடுகிறவள் கடமைதான். நான் திரும்பிப் பார்க்காமலேயே பாடினேன்:

"எழுந்துபார் என் கெரெசே, வாசலிலே விருந்தாளி,
அழவந்த கூட்டத்தில் சிரிக்கவந்த விருந்தாளி.
நாட்டையே கேட்கிறாராம், நாலும் தெரிந்தவராம்,
வீட்டில் பிணம் கிடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாதாம்."

கைதட்டல் நின்றது. திரையைப் பார்த்திருக்கிறார். அப்போதாவது நெஞ்சில் கை வைத்து, "தெரியாம வந்துட்டேன் தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நம் ஜனம் மன்னித்துக் கறியும் கொடுத்து அனுப்பியிருக்கும். மனிதர் தலையைக்கூடக் குனியாமல் வெளியே ஓடினார். அவருடைய ஆள் ஒருவன் வாசலில் அவர் படம் போட்ட காலண்டரை மாட்டிவிட்டுப் போனான்.

யாரோ கைப்பேசியில் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலைக்குள் நாடு முழுவதும் போய்விட்டது. அசிபா, உன் தோழி பாட்டை வேன் ஓட்டுநர்கள் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள்! சந்தையில் யாராவது தப்பான இடத்தில் சிரித்தால் "வந்துட்டாருய்யா அல்டெமிரொவ்" என்கிறார்கள். நரினில் ரொட்டிக்காரி ஒருத்தி கடையில் "பாராட்டு வேண்டாம், வாங்கிக்கொண்டு போகவும்" என்று எழுதி வைத்தாளாம். கைதட்டுகிற விளையாட்டு ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒருவன் பிணம், ஒருவன் வேட்பாளர். சய்கால் எப்போதும் பிணம்தான். அசையாமல் கிடப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அக்ஜோல் கட்டிலுக்கு மேலிருந்த படத்தைக் கிழித்தான். 

அவருடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? அங்கே யாரும் சாகவில்லை, எதிர்க்கட்சி போட்ட நாடகம், கிழவிகளுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் நீ என்னைக் கூப்பிட்டாய்.

ஏழாம் நாள் படையல் முடிந்த கையோடு நசிப் கெரெஸ் வீட்டுக்கு வந்தான். கூடவே தலைநகரத்துக் கோட்டு போட்ட ஒருவர், ஒரு கேமராக்காரர். கோட்டுக்காரர் தேன் மாதிரி பேசினார். "பெரியம்மா, ரெண்டே வரி. அது வரவேற்புக் கூடாரம், அன்னைக்கு யாரும் சாகல, அந்தம்மா பிற்பாடுதான் போனாங்க. அவ்வளவுதான்." நான், "சொல்லலைன்னா?" என்றேன். அவர் என் பக்கத்தில் இருந்த பெகாயிமைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா வேலை அரசாங்க வேலைல்ல?" என்றார்.

பெகாயிமின் புருஷன் ரஷ்யாவிலிருந்து பணம் அனுப்பி எட்டு மாதமாகிறது. இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகின்றன. அவள் எழுந்து என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். "பாட்டி, நீங்க எதச் சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். கிண்ணம் நிறைந்து தேநீர் விரிப்பில் வழிந்தது.

உன்னிடம் மறைப்பானேன், நான் ஆடிப்போனேன். இரண்டு வரிதானே, கெரெஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பாட்டிதானே என்று நினைத்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது தொலைபேசியில் கேட்ட உன் மூச்சு ஞாபகம் வந்தது. நான் யாரும் சாகவில்லை என்று சொன்னால் அதை ஓம்ஸ்கிலும் போடுவார்கள். மூன்றாவது தடவையாக நீ அவளைப் பறிகொடுக்க வேண்டும்.

"சொல்றேன்" என்றேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஆனா நசிப் முதல்ல சொல்லட்டும். டேய் நசிப், சன்னல் வழியா இடுகாடு தெரியுது பாரு, புது மண்ணு. அதப் பாத்து, 'எனக்குப் பால் குடுத்தவ அன்னைக்குச் சாவல'ன்னு சொல்லு. நீ சொன்னா நானும் சொல்றேன்."

கோட்டுக்காரர், "சட்டுனு சொல்லுங்க தலைவரே, நேரமாகுது" என்றார். நசிப் சன்னலைப் பார்த்தான்.  விறுவிறுவென்று வெளியே போனான். வாசலில் சாத்தியிருந்த ஓமோரின் கைத்தடியை எடுத்தான். நாற்பத்தைந்து வயது மனிதன், அதில் சாய்ந்துகொண்டு, "ஐயோ, எங்கம்மா! பால் குடுத்த எங்கம்மா!" என்று அலறினான். இன்னொரு சாவு என்று நினைத்துத் தெருவே ஓடிவந்தது. ஓமோர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். ஏழு நாளாகக் காலியாக இருந்த இடம் நிறைந்தது.

கோட்டுக்காரர் "நிறுத்து, நிறுத்து, இத எடுக்காத" என்று கத்தினார். கேமராக்காரர் நிறுத்தவில்லை. புறப்படும்போது என்னிடம் வந்து, "நீங்க நல்லா ஆயுசோட இருக்கணும்மா" என்றார். இரண்டு நாள் கழித்து அந்தக் காட்சி டிவியில் வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாடகம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பெகாயிமை வேலையிலிருந்து நீக்கும் தாள் மாவட்டத்திலிருந்து வந்தது, வராமலில்லை. ஊர்த் தலைவன் முத்திரை போட்டால்தான் அது செல்லும். நசிப் "முத்திரை மாட்டுக் கொட்டகையில விழுந்து தொலைஞ்சுபோச்சு, தேடிக்கிட்டிருக்கோம்" என்று பதில் எழுதினான். தேர்தல் முடியும்வரை ஊரே தேடியது! ஒவ்வொரு வீட்டிலும் சாணத்தைக் கிளறி, "இங்க இல்ல தலைவரே" என்று தெருவில் நின்று கத்துவார்கள். முத்திரை அவன் சட்டைப் பையில்தான் இருந்தது, புடைத்துக்கொண்டு எல்லோருக்கும் தெரிந்தது.

அல்டெமிரொவ் தோற்றார். நம் ஊரில் அவருக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு. எட்டுப் பேர் யார் என்று தெரியும். ஒன்பதாவது ஆளைத்தான் பெண்கள் கிணற்றடியில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது பெகாயிம். போன திங்கட்கிழமை முதல் அவள் தலைமையாசிரியை. அல்டெமிரொவ் தோற்றதும் பழைய தாளை மாவட்டமே மறந்துவிட்டது; அங்கிருந்து வந்த புது நியமனத் தாளில் நசிப் முத்திரையை அவ்வளவு அழுத்திக் குத்தினான், தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் கேட்டு வாங்கினோம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடத்துச் சாவிகள் அத்தனையும் சொந்தம். உன் பேரன்களில் யாராவது தலைமையாசிரியர் ஆனால் உடனே எழுது, நானும் பொறாமைப்படுகிறேன்.

நாற்பதாம் நாளும் குறைவில்லாமல் நடந்தது. ஒரு குதிரை அறுத்தோம். உன் பங்குக் கறியை உன் பேரைச் சொல்லி நானே தின்றேன். ஜூன் மாதம் உயர்ந்த மேய்ச்சல் நிலத்துக்குப் பாதை திறக்கும். வருஷப் படையல் இலையுதிர் காலத்தில், நாள் இன்னும் குறிக்கவில்லை. உனக்கு எது வசதி என்று ஓமோர் கேட்கச் சொன்னான். அவசரமில்லை, யோசித்துச் சொல்.

இந்தக் கடிதத்தையும் ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டையையும் அக்ஜோலின் நண்பன் லாரியில் கொண்டு வருகிறான். அவனுக்குச் சூடாகச் சாப்பாடு போடு. அல்லா உனக்கு ஆயுசும், உன்னை இங்கே அனுப்பிவைக்க மகனுக்கு இளகிய மனசும் தரட்டும்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. உன் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மருமகளோடு பேரனோடு வேண்டாம், நீ மட்டும். போன தடவை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் போர்வை போர்த்தி எடுத்திருந்தாய். இந்தத் தடவை நின்று எடு. பாதம் வரை தெரிய வேண்டும்; படையலுக்கு நடந்து வரும் கால்கள் எப்படி இருக்கின்றன என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
சைராகுல்