நீல மட்டைக் கொப்பியைப் பற்றி நான் கேட்காதது

இன்று காலை இரத்தம் எடுக்கிற பிள்ளை பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் கையில் தேய்த்தாள். ஊசி குத்தியது எனக்குத் தெரியவில்லை. அந்த வாசனையோடு நான் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விட்டேன். பாலத்தடியில், கசட் பதிந்து கொடுக்கிற உன் ரெக்கார்டிங் பாரில் நின்று, கசட் ரெக்கோடரின் ஹெட்டை நீ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பஞ்சில் ஏறிய கறுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், முடிஞ்சுது, எழும்புங்க" என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

நீ போய் ஏழு மாதமாகிறது. உனக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. சனிக்கிழமை தவறாமல் நேரில் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கடிதம் எதற்கு? பார்த்தோம், பேசினோம், பாட்டுக் கேட்டோம். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் நான் உன்னிடம் கேட்கவில்லை. அதை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பொலிசில் காட்டிக் கொடுத்தவன் நீதான் என்று நம்பிக்கொண்டு, இருபத்தைந்து வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று முதலில் கண்டுபிடித்தவன் நீதான். பள்ளிக்கூடம் முடித்த வருடம், அந்த நான்கு வெள்ளைக்காரர் குழுவின் பாட்டுப் பதிய வேண்டுமென்று உன் கடைக்கு வந்தேன். அப்போது அது உன் வாப்பாவின் கடை. நீ கசட்டை எடுத்துப் போட்டாய். நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது அசல் ஆட்கள்தானா, கொழும்பு ஹோட்டலில் வாசிக்கிற யாராவதா என்று கேட்டேன். உனக்குக் கோபம் வரவில்லை. "கவர்ல என்னத்த வேணுமெண்டாலும் எழுதேலும் மச்சான். காதத் தா" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாய். அன்று கண்டிக்கு மூன்று பஸ்களைத் தவறவிட்டேன்.

கடையில் ஓடியதெல்லாம் இந்திப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, பைலா. அவைதான் உங்களுக்குச் சோறு போட்டன. நமக்கு அந்த நான்கு பேர். 'நம்மடவங்க' என்றுதான் நீ அவர்களைச் சொல்வாய், ஏதோ தெருக்கோடியில் இருக்கிற சொந்தக்காரர் மாதிரி. அவர்கள் சண்டை பிடித்தால் நமக்குச் சாப்பாடு இறங்காது. மேளக்காரர் மாறிய வருடம், புது இசைத்தட்டில் அடிப்பது பழையவரா புதியவரா என்று நாம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் புதியவர் என்றேன். நீ சொன்னதுதான் சரி. அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியில் என் அப்பாவின் கடையை எரித்தார்கள். கடைக்கு மேல் மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். உடுத்த உடுப்போடு இறங்கி ஓடினோம். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இரண்டு கிழமை இருந்தபோது, அப்பா போன சரக்கை நினைத்து அழுதார், நான் போன நாற்பத்தொரு கசட்டை நினைத்து அழுதேன். அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு நாள் நாங்கள் ஒதுங்கியிருந்த சித்தப்பா வீட்டுக்கு நீ ஒரு பை நிறையக் கசட்டோடு வந்தாய். எரிந்த பாட்டுகளைத் திரும்பப் பதிந்திருந்தாய். "முப்பத்தெட்டு ஈக்கி. மூணு மட்டும் இன்னம் கெடைக்கல்ல" என்றாய். வேறு யாராவது என்றால் உன்னைக் கட்டிப் பிடித்திருப்பார்கள். நான், "இதுக்கு என்ன வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன். நல்லது செய்கிறவர்களைக் கண்டு பயப்படுகிற காலம் அது. "ஒண்ட சந்தேகத்துக்கு ஒரு கசட் தனியாப் பதியணும்" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

கொப்பி அதற்குப் பிறகு வந்தது. வெளிநாட்டில் நம்மைப் போன்ற பைத்தியங்கள் கச்சேரிக்குள் கசட் ரெக்கோடரை ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிந்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று நீதான் ஏதோ சஞ்சிகையில் கண்டுபிடித்து எழுதிப் போட்டாய். ஜேர்மனியில் ஒருவர் பதில் போட்டார். அப்படியே ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். வருகிற ஒவ்வொரு கச்சேரியையும் நீல மட்டைக் கொப்பியில் ஏற்றினோம். திகதி, நகரம், எத்தனை பேர் வந்திருந்தார்கள், பதிந்தவரின் முதலெழுத்து, தரம். கொப்பி ஒரு கிழமை உன்னிடம், ஒரு கிழமை என்னிடம். கசட்டை முதல் தரம் கேட்கும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, இரண்டாம் தரம்தான் எழுதலாம் என்பது சட்டம். சனத்தின் சத்தத்தை வெட்டக் கூடாது என்பது இன்னொன்று. "சனம் கத்துறத வெட்டினா அது கச்சேரியே இல்ல" என்பாய்.

அதன் பிறகு நான் கந்தோரில் கிளார்க் ஆனேன், கலியாணம் கட்டினேன், குண்டசாலையில் வாடகைக்கு வந்தேன். நகரத்துக்குள் குண்டு வெடித்த வருடம் அது. தமிழ்ப் பெயருள்ள வீட்டுக்கெல்லாம் பொலிஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை எங்கள் வீட்டுக்கும் நான்கு பேர் வந்தார்கள். அலுமாரியைத் திறக்கவில்லை, மெத்தையைப் புரட்டவில்லை. தமிழ் தெரிந்தவர் நேரே என்னைப் பார்த்து, "நீல மட்டைக் கொப்பி எங்க?" என்று கேட்டார். என் மனைவிக்கே அப்படி ஒன்று இருப்பது சரியாகத் தெரியாது. உலகத்தில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்.

நிலையத்தில் பொறுப்பாக இருந்த பெரியவர் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். லண்டன், பரிஸ், சூரிச், ஒஸ்லோ, டொரொண்டோ. அந்த நாட்களில் அந்த ஊர்ப் பெயர்களை ஒரு தமிழன் திகதி போட்டு எழுதி வைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெளிநாட்டில் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறான். "பரிஸ்ல ஒன்பதாயிரம் பேர். ஆர் இவங்க?" என்று தமிழ் தெரிந்தவரைக் கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்க வந்தவர்கள் என்றேன். "சிந்து மாத்தயா, சிந்து", பாட்டு ஐயா பாட்டு, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். சரி, கேட்போம் என்று கொப்பியோடு எடுத்து வந்திருந்த ஒரு கசட்டைப் போட்டார்கள். நாம்தான் சனத்தின் சத்தத்தை வெட்டுவதில்லையே. ஒன்பதாயிரம் பேரும் கத்தினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கோஷம் போட்டார்கள். கிட்டார் தொடங்க மூன்று நிமிடம் ஆகும். பெரியவர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "இது பாட்டா?" என்று கேட்டார். எனக்கே அது கூட்டம் மாதிரித்தான் கேட்டது.

பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி கசட்டை நிறுத்தாமல் ஓட விட்டார். இரண்டாவது பாட்டில் அவருடைய விரல் மேசையில் தாளம் போட்டதைக் கண்டேன். அவரும் ஒரு காலத்தில் கேட்டவர் போலிருக்கிறது. அடுத்த நாள் என்னை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நேரே கட்டுகஸ்தோட்டைக்குத்தான் போனேன். உன் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். கடை பூட்டியிருந்தது. ஒளித்துக்கொண்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு கிழமை கழித்துப் போனால் கடை திறந்திருக்கிறது, நீ இருக்கிறாய், முன்பல் ஒன்று இல்லை. படியில் விழுந்தேன் என்றாய். எங்கே போயிருந்தாய் என்றதற்கு, "கலகெதரைக்கு. மச்சினன் ஊட்டுக் கலியாணம்" என்றாய். என் கந்தோரில் கலகெதரைக்காரர் ஒருவர் இருந்தார். விசாரித்தேன். அப்படி ஒரு கலியாணமே நடக்கவில்லை. பொய் சொல்கிறான், அப்படியென்றால் செய்தவனும் இவன்தான் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

மூன்று மாதம் உன் பக்கம் வரவில்லை. பிறகு நம்மடவங்க புதிதாக ஒன்று வெளியிட்டார்கள். வெட்கம் கெட்டவன், வந்துவிட்டேன். காட்டிக் கொடுத்தவனாக இருந்தால் என்ன, இரண்டாவது பக்கத்து மூன்றாவது பாட்டில் குரல் உடைவதைப் பற்றி இந்தக் கண்டி முழுவதிலும் நான் வேறு யாரோடு பேசுவது? நீ ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாய். நான் உட்கார்ந்தேன். நம்பிக்கை போன பிறகும் சனிக்கிழமை போகவில்லை.

உன்னைச் சோதித்தும் பார்த்தேன். "புதன்கிழமை வவுனியாவுக்குப் போறேன் மச்சான், யாருக்கும் சொல்லாத" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்; அந்த நாட்களில் ஒரு தமிழன் வடக்கே போகிறான் என்பதே பொலிசுக்குப் போதும். புதன்கிழமை வீட்டு யன்னலில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அதற்காக மனம் ஆறவில்லை. இவன் கெட்டிக்காரன், பொறியைக் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். இப்படி எத்தனை பொய் சொன்னேன் என்று கணக்கில்லை. நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய்.

யுத்தம் முடிந்தது. கசட் போய் சீடி வந்தது, சீடி போய் எல்லாம் போனுக்குள் வந்தது. கிட்டார்க்காரர் செத்த அன்று நீ கடையைப் பூட்டினாய், நான் கந்தோருக்கு லீவு போட்டேன். பாடுகிறவருக்கு எண்பது நெருங்குகிறது, இன்னமும் மேடையேறுகிறார். அந்தக் குரல் அசலா, பின்னால் பதிந்து வைத்து ஓட்டுகிறார்களா என்று போன வருடம்கூடச் சண்டை பிடித்தோம். அதற்குள் சீனி வருத்தம் உன் காலைத் தின்னத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த சனிக்கிழமை, உன் வீட்டுக்காரி தேத்தண்ணி வாங்கப் போன நேரம், "என்னமாச்சும் கேக்கணுமெண்டா கேளு மச்சான்" என்றாய். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எனக்கு விளங்கியது. வாய்வரை வந்தது. "டொக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டு எழுந்து சொல்லிக்கொள்ளப் போனபோது உன் வீட்டுக்காரி கதவருகில் நின்று, "ஒங்களயும் அதுல இழுத்துட்டேன் எண்டு அவருக்குக் கடைசி வரைக்கும் கவல, அண்ணன்" என்றாள்.

"எதுல, தங்கச்சி?"

"அந்தப் பொலிஸ் விஷயத்துலதான். ஒங்களுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி அவரத்தானே மொதல்ல புடிச்சிட்டுப் போன. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஜேர்மனியிலிருந்து வந்த பார்சலை யாரோ உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்சல் உன் பெயரில் வந்ததால் உன்னைத் தூக்கியிருக்கிறார்கள். "பாட்டுத்தான் எண்டு எவ்வளவு செல்லியும் நம்பல்லயாம். கடைசீல, எங்கட கொப்பிய எடுத்துப் பாருங்க, இந்தக் கெழம அது கூட்டாளி ஊட்டுல ஈக்கி, அதுல எல்லாம் ஒழுங்கா எழுதி ஈக்கி, பாத்தா ஒங்களுக்கே வெளங்கும் எண்டு செல்லீக்கிறார். ஒங்கள வுட்டு நாலு நாளைக்குப் பொறகுதான் இவர வுட்ட. பல்லும் அங்கதான் போன" என்றாள். இதை எனக்குச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். நான் ஒரு நாள் கேட்பேன், கேட்டால் ஓம் என்று நீயே சொல்ல வேண்டும் என்று இருந்தாயாம்.

ஆக, சொன்னவன் நீதான். என் சந்தேகம் பிழையில்லை. ஆனால் நீ காட்டிக் கொடுக்கவில்லை, காட்டினாய். நம் கொப்பியைப் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும் என்று நம்பினாய். ஒஸ்லோவுக்கு 'பி', பரிசுக்கு 'ஏ' என்று நாம் போட்ட தரத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ இவர்கள் வெறும் பாட்டுப் பைத்தியங்கள் என்று பொலிஸ் கும்பிட்டு அனுப்பிவிடும் என்று நம்பினாய். இந்தப் பிழையை நம் இரண்டு பேரைத் தவிர வேறு யார் விடுவார்கள்? உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்தக் கொப்பியைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியாது. ஏனென்றால் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

இதை என் மனைவிக்கும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் அவர்கள் கொப்பியை விரித்து வைத்து, இதில் இரண்டு பேரின் கையெழுத்து இருக்கிறது, மற்றவன் யார் என்று கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒரு தரம் மேசையில் தடியால் தட்டினார்கள். அவ்வளவுதான். உன் முழுப் பெயரையும் சொன்னேன். கடையைச் சொன்னேன், வீட்டுக்குப் போகிற வழியைச் சொன்னேன். எல்லாம் அவனுடைய வேலை, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். நீ என்னைக் காட்டிக் கொடுத்தாய் என்று நான் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அப்படி நம்பினால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

நான் சொல்லி முடித்ததும் இரண்டு பொலிஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் பக்கத்துச் சுவரில் கையால் இரண்டு தட்டுத் தட்டி, சிங்களத்தில் ஏதோ சத்தமாகச் சொன்னார். என் கோழைத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கத்தம் முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறாய். அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் இருந்திருக்கிறாய்.

இனி உன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என்னிடம் மிச்சமாக இருப்பது அந்த அறையில் நான் சொன்ன உன் பெயர்தான். சத்தமாகத்தான் சொன்னேன், மச்சான். உனக்குக் கேட்டிருக்கும்.