குன்னத்தில் நனைத்த கை

1981 ஆவணி, வெள்ளி இரவு.

தம்பி வந்துட்டான். இனி அரியலூர் பஸ் ஸ்டாண்டு கும்பலோடு சேர மாட்டானாம். கதவு தட்டினால் போலீஸோ என்று இனி பதற வேண்டாம்.

குன்னத்தில் ஒருத்தரை அடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி, வெங்காயம் பிடுங்க வந்த ஆள் என்று நினைத்துச் சோறு போட்டிருக்கிறாள். பசியில் இந்த மடையனும் சாப்பிட்டிருக்கிறான். பிறகு வீடு திரும்பிய அவரும், "கூச்சப்படாம சாப்புடு தம்பி" என்றாராம்.

"அந்த வூட்டுல கை நனைச்சப்புறம் எப்படிக்கா அடிக்கிறது?" என்கிறான். உதவாக்கரை என்று கும்பல் விரட்டிவிட்டது. நல்லதாப் போச்சு.

அப்பா தினமும் தட்டுக்கு முன்னால் "தண்டச்சோறு" என்று சொல்லப்போய்த்தான் அவன் அவர்களிடம் போனான். இன்றும் அப்பா அதைச் சொல்ல வாயெடுத்தார். அம்மா முறைத்தாள்.

தம்பி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.