மூன்றாம் தரம் யார் பார்ப்பது?

இஞ்சேருங்கோ,

இந்தப் பச்சைக் கயிறு என் முன்னால் மேசையில் கிடக்கிறது. பிளாஸ்டிக் கயிறு, என் கையை விட நீளம், தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் போல மணக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் குளிர்ச்சட்டையை மாதா கோயிலில் வைத்திருக்கும் பழைய உடுப்புப் பெட்டிக்குக் கொடுக்கலாம் என்று மடித்தபோது உள்பையிலிருந்து விழுந்தது. நீங்கள் போய் எட்டு மாதம். அழுகை வரும் என்று பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. செத்துப்போன மனிசனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லைத்தானே? ஆகவே பிடிக்கிறேன்.

இதை நான் முதலில் கண்டது போன வருடம், பிள்ளையின் நீச்சல் பைக்குள். "இதென்ன?" என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. எட்டு வயது மகள்தான் டேனிஷில் சந்தோசமாக விளக்கினாள். துவக்குக் குழலுக்குள் ஒரு பக்கத்தால் விடுகிற கயிறாம். மறுபக்கத்தால் வெளியே வந்தால் உள்ளே சுடுகிற ரவை இல்லை என்று அர்த்தமாம். அப்பாதான் விடுவாராம்.

நான் முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்யும் ஒவ்வொரு செவ்வாயும் பிள்ளை நீந்தப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களோ இந்த இக்காஸ்ட் ஊரின் விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நிலவறையில் சிறுபிள்ளைகளுக்குக் காற்றுத் துவக்குப் பழக்கும் கழகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதைக்கூட மன்னிப்பேன். அந்தத் துவாயை என்னால் மன்னிக்க முடியாது. மண்டபத்துக் குழாயில் துவாயை நனைத்து, பிழிந்து, நீச்சலுடுப்போடு சேர்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தீர்களே! மாதக் கணக்காக நான் அதைத் தோய்த்துக் காயப்போட்டேன். "பிள்ளை இப்ப எவ்வளவு தூரம் நீந்துறாள்?" என்று கேட்டால், "பரவாயில்லை, முன்னேற்றம் இருக்கு" என்றீர்கள். கடைசியில் பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்பில், கழுத்தளவு தண்ணீரில் அலறிக்கொண்டு நின்றாளாம். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

துவக்கு என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. அது என் சட்டம். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த தண்ணித் துவக்குகளைக் குப்பைத் தொட்டியில் போட்டவள் நான். பெப்ரவரியில் பிள்ளைகள் வேசம் போடும் பஸ்டெலவ்ன் நாளுக்கு அவள் கவ்போய் உடுப்புக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். இடுப்பில் இருந்த துவக்கு உறையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். "அதையெல்லாம் மன்னாரிலையே விட்டிட்டு வந்தனாங்கள். இந்த வீட்டுக்குள்ளை அந்தக் கதை வரக்கூடாது" என்று சொல்வேன். நீங்கள் தலையாட்டுவீர்கள். எதற்குத்தான் நீங்கள் தலையாட்டாமல் விட்டீர்கள்?

கயிற்றைக் கண்ட அன்றைக்கு நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"உங்களுக்கு விசரோ? எங்கையிருந்து ஓடிவந்தனாங்கள் எண்டு மறந்துபோச்சோ? பிள்ளையின்ரை கையிலை துவக்கைக் குடுத்திருக்கிறியள்!"

"கத்தாதை. ஒருக்கால் கேள்."

அப்போதுதான் பண்ணைவீட்டு விசயத்தைச் சொன்னீர்கள். பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் பிள்ளை விளையாடப் போயிருந்தாள். தோழியின் தகப்பன் வேட்டைக்காரர். துவக்கைத் துப்புரவு செய்யவென்று பூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, துணி எடுக்க அடுத்த அறைக்குத் திரும்பியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நீங்கள் பிள்ளையைக் கூட்டிவரப் போய் வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

"அந்தச் சிநேகிதியின்ரை தங்கச்சிக்கு ஆறு வயசு," என்றீர்கள். "துவக்கைக் கண்ட உடனை கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு தேப்பனைக் கூப்பிட்டவள். எங்கடை பிள்ளை ஓடிப்போய்க் குழல் வாயிலை கண்ணை வைச்சுப் பாத்தவள்."

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அதுக்குள்ளை ஒண்டும் இருந்திராது" என்றேன்.

"ஓம், இருக்கேல்லை. அது அவளுக்குத் தெரியுமோ? தொடாதை எண்டு சொன்னாக் காணாதப்பா. எங்கடை வீட்டிலையும் அதைத்தான் சொன்னவை..."

நீங்கள் அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க நான் விடவில்லை. "எனக்கு உங்கடை வீட்டுக் கதை வேண்டாம்" என்றேன். நீங்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டு, எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தீர்கள். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் செவ்வாய்தோறும் போனீர்கள். துவாய் மட்டும் நனையவில்லை. பெப்ரவரியில் ஒருநாள் நீங்கள் வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மெசினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு டோஸ்ட்ருப்பிலிருந்து உங்கள் அக்கா, என் மச்சாள், வந்திருந்தா. பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், நானும் மச்சாளும் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றோம். பிள்ளைக்கு நீங்கள் துவக்குப் பழக்கிய கதையைக் குற்றச்சாட்டாகத்தான் சொன்னேன். மச்சாள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தா.

"அவன் உமக்குச் சொல்லேல்லையோ?"

"எதை மச்சாள்?"

"சின்னவன்ரை கதையை."

உங்கள் தம்பி ஆறு வயதில் காய்ச்சலில் போனதாகத்தான் நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். காய்ச்சல் இல்லையாம். யாரோ ஒருவர் உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன துவக்கு, பாய்க்குக் கீழே இருந்ததாம். தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனாவாம். உங்களுக்கு அப்போது எட்டு வயது. எடுத்தது நீங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தீர்களாம்.

பதினாலு வருடம் உங்களோடு இருந்தேன். ஒவ்வொரு நவம்பரும் இறந்த ஆன்மாக்களின் திருநாளில் அந்தப் பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், காய்ச்சலில் போன பிள்ளை என்று நினைத்துக்கொண்டு. எனக்குச் சொல்ல ஒருநாள் கிடைக்கவில்லையோ உங்களுக்கு? துவாயை நனைக்கத் தெரிந்த மனிசனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையோ? இப்படிக் கேட்டுக்கொண்டே போவேன். பிறகு, "இந்த வீட்டுக்குள்ளை அந்தக் கதை வரக்கூடாது" என்று சொன்ன என் குரலே எனக்குக் கேட்கும். அந்த நேரம் உங்கள் மீதுள்ள கோபத்தை விட என் மீதுள்ள கோபம் பெரிதாகிவிடும். இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் அவளை அங்கே அனுப்பவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் வீட்டு ஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது கழகத்தின் ஒழுங்கு. அந்த ஆள் நானாக இருக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். பண்ணைவீட்டுக்கும் விடவில்லை. அவள் ஒவ்வொரு செவ்வாயும் அந்த நீச்சல் பையைக் கதவடியில் கொண்டுவந்து வைப்பாள். "நை", முடியாது என்பேன், அவளுக்கு விளங்கட்டும் என்று டேனிஷிலேயே. ஒருநாள் கேட்டாள்: "அப்பா இல்லை, கழகம் இல்லை, சிநேகிதியும் இல்லை. வேறு எதை எடுக்கப்போகிறாய்?" அதையும் டேனிஷில்தான் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் பையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

போன செவ்வாய் இந்தக் கயிறு விழுந்த பிறகு, வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து மாலை வேலையை மாற்றிக் கேட்டேன். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நிலவறைப் படியைக் கைபிடியைப் பிடித்தபடி இறங்கினேன். பழக்குகிறவர் ஒரு டேனிஷ் அம்மா, தபால்காரியாக வேலை செய்து ஓய்வுபெற்றவராம். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் ஒரு கதிரையைக் காட்டினார். பிள்ளை குழலை இலக்குப் பலகைப் பக்கம் நீட்டியபடி வைத்துத் திறந்து, உள்ளே பார்த்தாள். சோறு வேணுமோ என்றால்கூட டேனிஷில் "யா, தக்" என்கிற பிள்ளை, தமிழில் சொன்னாள்:

"உள்ளை ஒண்டும் இல்லை. ரெண்டாந்தரமும் பாத்தன். விரல் வெளியிலை."

உங்கள் குரல், உங்கள் இழுவை. அப்படியே. நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் சுடத் தொடங்கிவிட்டார்கள். இவள் அசையவில்லை. "பிள்ளை, ஏன் நிக்கிறாய்?" என்று கேட்டேன். அந்த அம்மா என் தோளில் தட்டி, "அவள் உங்களுக்காகத்தான் நிற்கிறாள்" என்று டேனிஷில் சொன்னார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "மூண்டாந்தரம் நான் பாக்கிறன் எண்டு அப்பா சொல்லுவார். அவர் கயிறு விடாமல் நான் ஒருநாளும் சுடுறேல்லை."

சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். இரண்டு தரம் குழல் வாயைத் தவறவிட்டேன். அவள் பொறுமையாக நின்றாள். மூன்றாம் முறை நுனி உள்ளே போனது. தள்ளினேன். தடக்காமல் போய், மறுபக்கத்தால் பச்சையாக எட்டிப் பார்த்தது. முப்பது வருடத்துக்கு முன்னம் ஒரு பாயடியில் இப்படி ஒரு பெரிய ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

குளிர்ச்சட்டையைக் கொடுத்துவிட்டேன். கயிற்றைக் கொடுக்கவில்லை, அது என் கைப்பைக்குள் வேலைக்கும் வருகிறது, கோயிலுக்கும் வருகிறது. என் கோபம் இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. நாளைக்குச் செவ்வாய். பிள்ளை இரண்டு தரம் பார்ப்பாள். மூன்றாம் தரம் நான் கயிறு விட்டுப் பார்த்து, "உள்ளை ஒண்டும் இல்லை" என்று கொஞ்சம் உரத்துச் சொல்லுவேன். அந்தப் பாயடியில் நின்ற எட்டு வயதுப் பொடியனுக்கும் கேட்கட்டும்.