அரைப்பேர்

ஹட்டன்,
ஒக்டோபர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பூரணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்கு இன்னொரு போத்தல் எண்ணெய் வைத்திருக்கிறேன். நாகலெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. ஃபோனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது, நீங்கள் வேலை செய்யும் வீட்டு அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். அதோடு, இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. எங்கள் ஜெயகாந்தன் சேர் நாற்பது வருடமாகப் பத்திரிகைகள் மேல் போடும் மானநஷ்ட வழக்கு, ஆசிரியர் நியமன வழக்கு, தேவாலயக் காணி வழக்கு இவற்றையே பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். "மூண்டிலையும் சண்டை ஒரு வரிக்குத்தான், பிள்ளை" என்பார். நான் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சிரிப்பார். மூன்று மாதத்துக்கு முன் எனக்குச் சத்தியப்பிரமாண ஆணையாளர் முத்திரை கிடைத்ததே, நினைவிருக்கிறதா? ஒருவர் சொல்வதை எழுதி, 'என் முன்னிலையில் ஒப்பமிட்டார்' என்று நான் முத்திரை குத்தினால் அது சத்தியக் கடதாசி. நீதிமன்றம் நம்பும். அதில் பொய் இருந்தால் என் கறுப்புக் கோட்டு போய்விடும்.

இப்போது கையில் இருப்பது பூண்டுலோயாவுக்கு மேலே, நீங்கள் பிறந்த தோட்டத்து மாதா கோயில் வழக்கு. நீங்கள் ஒருநாளும் எங்களை அங்கே கூட்டிப் போனதில்லை. அந்த மலையைத் தோட்டக் கம்பெனி ஒரு ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. கோயில் கட்டடம் மட்டும்தான் சபைக்குச் சொந்தம், பின்னால் உள்ள நிலமும் பள்ளிக்கூடமும் கம்பெனியுடையது என்கிறார்கள். அந்த நிலம் பழைய மயானம் என்று நிரூபித்தால் எல்லாம் சபையிடமே இருக்கும். நூற்று அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தில் வரைபடம் இல்லை. கண்ணால் கண்ட ஒருவர் வேண்டும். விசாரணை 28ஆம் திகதி.

போன புதன்கிழமை காலை கோயில் விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் பிற்காலத்தில் குடிவந்தவர்கள், கேள்விப்பட்டதைத்தான் சொன்னார்கள். உபதேசியார் வடிவேல் தேத்தண்ணீர் எடுக்கப் போனார். மூடுபனி விறாந்தை வரை ஏறியிருந்தது. அப்போது ஏழாவதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். தலையில் சாக்கு, காலில் ஈர மண். முகம் சரியாகத் தெரியவில்லை. உற்றுப் பார்க்க எனக்குக் கூச்சம்.

கேட்காமலே சொன்னார். "கோயிலுக்குப் பின்னால மூணாவது வரிசை. பதினோரு பேரு. தலைமாடு கோயில் பக்கம். கடைசி எடம் தண்ணிக் காணுக்கு ஓரமா இருக்கு, மழை பேஞ்சா குளிரும்." பெயர் கேட்டேன். மீனம்மா என்றார். அடையாள அட்டை? "லயத்து வீட்டோட போயிருச்சு, பாப்பா." மலையில் எப்போது வரை வேலை செய்தீர்கள் என்றேன். சிரித்தார். "எனக்கு மலையில பேரே கெடையாது. கொழும்புல வீட்டு வேலைக்கு நின்னுட்டு லீவுல வந்த ஆளு. ஒரு நாளு தங்கச்சி பேருல பெரட்டுல நின்னேன். அதுவும் அரைப்பேருதான் விழுந்திச்சு."

கைநாட்டு வைத்தார். முத்திரை குத்தினேன். எழுந்து போகும்போது திரும்பி, "ஒங்கம்மா கணக்குப் பரீட்சை பாஸாயிட்டாளா?" என்றார். அம்மா குவைத்தில் என்று மட்டும் சொன்னேன். என் அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. உபதேசியார் தேத்தண்ணீரோடு வந்து, "யாரும்மா இந்த நாக்காலிய நனைச்சது?" என்றார்.

மறுநாள் சேர் கடதாசியைப் படித்துவிட்டுக் கோபப்பட்டார். "அரைப்பேரை வைச்சுக்கொண்டு கோட்டுக்குப் போகேலுமோ? முழுப்பேரும் கேக்காமல் ஏன் விட்டனீர்?" எனக்குச் சிரிப்பு வந்தது. அரைப்பேர் என்றால் அரைநாள் வேலை, சேர், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர் மத்தியானத்துக்குப் பிறகு மலையில் இல்லை என்று அர்த்தம் என்றேன். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று நான் கேட்கவே இல்லை.

அட்டை இலக்கம் வாங்க அன்றே தோட்டத்துக்குப் போனேன். அப்படி ஒருவர் எந்த லயத்திலும் இல்லை. உபதேசியார் பழைய அடக்கப் புத்தகத்தை எடுத்தார். 1993 டிசம்பர், மண்சரிவு, பதினோரு பெயர்கள். எந்த இடத்தில் அடக்கம் என்று எழுதவில்லை. பதினோராவது வரியை அப்படியே தருகிறேன்: 'மீனம்மா, வீரய்யாவின் மகள். அன்று தங்கை சண்முகவடிவின் பெயரில் பெரட்டில் நின்றவள். அரைப்பேர்.'

தாத்தாவின் பெயரும் உங்கள் பெயரும், அம்மா.

கணக்கு மண்டையில் ஏறவில்லை, அதனால் படிப்பை நிறுத்திவிட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தார், உங்கள் பரீட்சை அன்று உங்களுக்குப் பதிலாக மலைக்குப் போனார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கோபிக்கவில்லை.

அந்தக் கடதாசி என் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் நீட்டிய மை ஊதா. தாளில் கைநாட்டாகக் காய்ந்திருப்பது செம்மண். சேரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தாக்கல் செய்ய முடியாது. கிழிக்கவும் கை வரவில்லை. என் முன்னிலையில் ஒப்பமிட்டார் என்று நான் எழுதியதில் எது பொய் என்றும் எனக்குத் தெரியவில்லை.

பின்னால் போய் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். காண் அரித்து ஓரம் சரிந்திருக்கிறது. ஹோட்டல்காரர்கள் மண் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதும் அந்த ஓரத்தில்தான்.

அந்த அடக்கத்தைக் கண்ணால் கண்டு, இன்று உயிரோடு இருப்பவர், நான் அறிய, நீங்கள் ஒருவர்தான். அந்த வீட்டு அம்மாவிடம் அரைநாள் லீவு கேளுங்கள். நம் தூதரகத்தில் சத்தியக் கடதாசி முடித்துத் தருவார்கள். எழுத வேண்டியதைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பெயரையும் பெரியம்மாவின் பெயரையும் நீங்களே உங்கள் கையால், முழுப்பெயராக எழுதுங்கள்.

பரீட்சை பற்றி அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 28ஆம் திகதிக்கு முன் ஒரு தடவை அங்கே போவேன். என்ன சொல்லட்டும், அம்மா?

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். முழங்காலுக்கு எண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள்.

உங்கள் மகள்,
பூரணி