சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது ஆள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அதை நீ தினமும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய், இருந்தாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. உன் சௌக்கியமும் தெரிய வேண்டும், முக்கியமாகப் போன் திரைக்குள் அடங்காத பாகத்தின் சௌக்கியம்.

தினமும் பேசுகிறவன் கடிதம் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. படிக்கப் போன முதல் வாரம், தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று அழுதாயே, அப்போது அம்மா கண்டுபிடித்த வைத்தியம் இது. உன் இரவுச் சாப்பாட்டு நேரம் எங்களுக்குக் காலைச் சாப்பாட்டு நேரம், மூவரும் சேர்ந்தே சாப்பிடலாம் என்று, மேஜையில் உன் இடத்தில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். இப்போது அதன் முன்னால் ஒரு தட்டும் வைக்கிறாள். போன மாதம் சித்தப்பா வந்து உன் நாற்காலியில் உட்காரப் போனபோது, "அங்க பாப்பா உக்காந்திருக்கா" என்று தடுத்துவிட்டாள். அவர் போனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, "அண்ணி, நெட் போயிட்டா புள்ள பட்டினியா?" என்று விசாரித்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். நீயும் சிரித்தாய்.

அன்றைக்கே உன் கதவை ஒரு பெண் தட்டினாளே, பக்கத்து அறைக்காரி. கையில் தட்டோடு நின்று, எல்லோரும் கீழே பொதுச் சமையலறையில் இருக்கிறோம், வருகிறாயா என்று கேட்டாள். என் இங்கிலீஷ் அதுவரைக்கும் வரும். நீ போனைக் காட்டி, வீட்டாரோடு சாப்பிடுகிறேன் என்றாய். அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், நாங்களும் பெரிய மனிதர்களைப் போல அசைத்தோம். அம்மாவுக்கு அன்று முழுக்கப் பெருமை. "பாத்தீங்களா, அவ நம்மள விட்டுட்டுப் போகல" என்றாள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். மறுநாளும் அந்தப் பெண் தட்டினாள், நீயும் அதையே சொன்னாய். அதற்கப்புறம் யாரும் தட்டவில்லை. உனக்குப் பின்னால் அந்தக் கதவு மூடியே இருக்கிறது, கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் எங்கள் மேஜை வரைக்கும் வருகிறது. கடல் தாண்டி எனக்குக் கேட்பது ஒரு மாடி தாண்டி உனக்குக் கேட்காமலா இருக்கும். இன்று யாரோடு பேசினாய் என்று கேட்டால் பேராசிரியரைச் சொல்கிறாய். அவர் சம்பளத்துக்குப் பேசுகிறவர், அவரைச் சேர்க்க முடியாது. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, பிள்ளை போய்விடாமல் பார்த்துக்கொண்டோம், நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கடிதம் வந்த மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பேசலாம், உடம்புக்கு ஏதாவது என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம். அம்மாவிடம் நேற்று சொன்னேன். "போன் அடிக்கும், நீங்க எடுக்காம இருந்துடுவீங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளே தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "சரி, அந்தப் பொண்ணுகிட்ட போறப்போ வெறுங்கையோட போக வேணாம்னு எழுதுங்க" என்றாள்.

மறந்துவிடாதே, அந்தப் பெண் இனி வந்து தட்ட மாட்டாள், நீதான் போய்த் தட்ட வேண்டும். என்ன பேசுவது என்று யோசிக்காதே, உப்பு இருக்கிறதா என்று கேள். நன்றாகப் படி, நேரத்துக்குத் தூங்கு. எங்கே இருந்தாலும் நாலு பேரோடு நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி முழுக்க அதற்குத்தான்.

விரைவுத் தபாலில் அனுப்பினால் நாலைந்து நாளில் வந்துவிடுமாம். சாதாரணத் தபாலுக்கு மூன்று வாரம்கூட ஆகலாம் என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் சாதாரண ஸ்டாம்பு வாங்கி வந்தேன். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா