மாற்றி எடுத்த வாக்குத்தத்தம்

†
மண்ணரை, திருப்பூர்
28.3.1993

அன்பு மகன் பொன்சிங்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மஸ்கட்டிலிருந்து நீ போட்ட கடிதம் போன வாரம் கிடைத்தது. ரூமில் வியாழக்கிழமை உன் சமையல் முறை என்று எழுதியிருந்தாய், புளியைக் குறைத்துப் போடு, உன் வயிறு தாங்காது. அப்பாவுக்கு அயர்ன் டேபிளில் நின்று நின்று சாயங்காலமானால் கால் வீங்குகிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், சூடு பத்தவில்லை என்பார், கொஞ்சம் கூட்டினால் தோலை உரிக்கப் பார்க்கிறாயா என்பார். மற்றபடி தேவலை.

உன்னிடம் ஒரு காரியம் சொல்ல வேண்டும், மூன்று தடவை கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். புது வருட ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள் அல்லவா, இந்த வருடமும் வைத்தார்கள். எல்லாருக்கும் ஆசீர்வாதமாகத்தான் வரும், நீடித்த ஆயுசு, குறையாத மாவு, இப்படி. நான் எடுத்ததில் வேறு வந்தது. காணிக்கை கொண்டு வருகிற இடத்தில் உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்கிற வசனம். படித்ததும் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று அதைத் திரும்பத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதில் நம் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார் என்று இருந்தது, நீ வெளிநாட்டில் இருக்கிறாயே, உனக்கும் சேர்த்து ஆயிற்று என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே உன் அப்பா வந்து தன் அட்டையைக் காட்டினார். நான் வைத்துவிட்டு வந்த அதே அட்டை. அத்தனை பேர் இருக்க அது இவர் கைக்குத்தான் வர வேண்டுமா சொல்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வைத்துவிட்டு, நான் யாருக்கு என்னத்த செஞ்சேன்னு வெளங்கலியே என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் யோசித்தார். பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் கிட்டுசாமி, உங்க மேல எனக்கென்னங்க குறை, தண்ணி மோட்டார மட்டும் நேரத்துக்கு நிறுத்தீருங்க என்றாராம். பால்கார நஞ்சம்மாள், போன வருசம் என்ற எருமைய வெச்சுட்டே தண்ணிப்பாலுன்னு சொல்லிப்போட்டீங்க, அது மட்டுந்தானுங்க மனசுல கெடக்குது என்றாள், இவர் எருமையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். தெருவே சிரித்தது, நானும் கூடச் சிரித்தேன். ஆனால் ஒரு தப்பும் செய்யாத மனுஷன் என் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது.

என்மேல் குறை உள்ள அந்த ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் என் பக்கத்தில் நின்ற நசீமா. நீ அக்கா அக்கா என்று போய் எலுமிச்சை ஊறுகாய் வாங்கித் தின்பாயே, அவளேதான். உனக்கு விசா வந்த வாரம், நான் பார்த்து அனுப்பிய குழந்தை உடுப்புக் கட்டு ஒன்றில் எண்ணெய்க் கறை இருந்து பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது. சூப்பர்வைசர் கந்தவேல் கட்டில் இருந்த துண்டுச்சீட்டைக் கொண்டு வந்து இது யார் பார்த்தது என்று கேட்டார். கடிதத்தின் தலையில் போடுவது போல நான் எந்தச் சீட்டிலும் சின்னதாகச் சிலுவை போட்டுத்தான் கட்டு நம்பர் எழுதுவேன். அதிலும் இருந்தது, அவருக்கு அது ஏதோ கூட்டல் குறி. உன்னை அனுப்புகிற நேரத்தில் வேலை போய்விடுமே என்ற பயத்தில், அது என்னோடது இல்லீங்க என்று சொல்லிவிட்டேன். அந்த மேஜைக்கு நாங்கள் இரண்டே பேர், நசீமா அன்றைக்கு லீவு. மறுநாள் அவளிடம் சீட்டைக் காட்டினார்கள், அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து உடுப்புகளில் நீட்டி நிற்கிற நூல் பிசிர் வெட்டிக் கொடுத்துத்தான் பிழைத்தாள். நான் அவள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

லெந்து நாட்களின் முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போகும் வழியில் உன் அப்பா, இன்னும் நசீமாட்ட மட்டுந்தான் கேக்கல, ஆராதன முடிஞ்சதும் போயிட்டு வாரேன் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காணிக்கைப் பை வரும் நேரத்தில் என் கவரை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே வந்து நேரே அவள் வீட்டுக்கு நடந்தேன். அவளுக்கு ரமலான் நோன்பு. தான் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொண்டு எனக்கு டீ போடப் போனாள், வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்தச் சீட்டுல உங்க சிலுவையப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்கக்கா, தம்பி பொறப்படற நேரத்துல உங்க வேல போயிரக் கூடாதுன்னுதான் பேசாம வந்துட்டனுங்க என்றாள். பிசிர் வெட்டுகிற கத்தரியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆனா ஒருக்கா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க, வரவே இல்லீங்களே, அந்தக் குறைதானுங்க எனக்கு என்றாள். நான்தான் அழுதேன்.

மறுநாள் கந்தவேலிடமும் உள்ளதைச் சொன்னேன். கத்தினார், இரண்டு நாள் வர வேண்டாம் என்றார். இப்போது நசீமா செக்கிங் மேஜைக்குத் திரும்ப வந்துவிட்டாள், என்னைப் பிசிர் வெட்ட மாற்றிவிட்டார்கள். நான் வெட்டிய உடுப்பு அவள் மேஜைக்குத்தான் போகிறது, ஒரு நூல் நின்றாலும், கண்ணாடி போடுங்கக்கா என்று எல்லார் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். ரம்ஜானுக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய பிரியாணி கொடுத்துவிட்டாள், லெந்தில் கறி தொடாத உன் அப்பா அதையும் மறந்து சாப்பிட்டார். அந்த அட்டையை மாற்றி வைத்த கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அப்போ நஞ்சம்மா எருமைட்ட நான் கேட்டது வீணாடி என்றார், அவ்வளவுதான் கேட்டார்.

நீ புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் உன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணியவள் நான். நீ போவதற்காகத் தன் வேலையை விட்டுக் கொடுத்தவள் நசீமா. இது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், ஞாயிறு வேலை என்றாலும் ஒரு அதிகாரமாவது வாசி, அங்கே வாக்குத்தத்த அட்டை வைத்தால் முதலில் கைக்கு வந்ததையே எடு. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

இந்தக் கடிதத்தின் தலையில் இருக்கிற சிலுவையை நான் முதலில் போடவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு, இப்போதுதான் போட்டேன்.

உன் அன்பு அம்மா,
ஞானக்கனி